புது வீட்டின் பின்புறம் முழுக்கப் பார்த்தீனியமும் கோரையும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். மதுரைக்கு வெளியே, நெடுநாள் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை வாங்கி இந்தத் தை மாதம் குடிவந்தோம். பின்புறம் நான்கு சென்ட் செம்மண். இடுப்புயரத்துக்குப் பார்த்தீனியம் நிற்கிறது. சில செடிகளில் வெள்ளைப் பூ வந்துவிட்டது. அதன் அடியில் கோரை. சுவரோரம் சீமைக் கருவேலங்கன்றுகள். நடுவில் ஒரு கறிவேப்பிலை மரம் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதற்குச் சேதம் வரக்கூடாது. ஜேசிபி விட்டு வழித்துவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கடைக்காரர் களைக்கொல்லியை நீட்டுகிறார். வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. ஆடிப்பட்டத்தில் காய்கறி விதைக்க முடியுமா?

பதில் 1

தாராளமாக முடியும். ஜேசிபி மட்டும் வேண்டாம், தம்பி. மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். கோரைக் கிழங்கை நிலமெங்கும் இறைத்துவிட்டும் போகும்.

முதல் வேலை பார்த்தீனியம். ஒரு செடியே பல ஆயிரம் விதை உதிர்க்கும் என்பதால், பூத்தவற்றை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். முந்தின நாள் மாலை தண்ணீர் விட்டு மண்ணை இளக்கிக்கொண்டால் வேரோடு வரும். அரிவாளால் அறுத்தால் அடியிலிருந்து மறுபடி தழைக்கும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூடத் துணி மூன்றும் கட்டாயம். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும் செடி இது. குழந்தையை அந்தப் பக்கம் விடாதீர்கள். பூக்காத செடி உரக்குழிக்குப் போகலாம். பூத்ததைச் சாக்கில் கட்டித் தனியே வையுங்கள்.

புதருக்குள் கால் வைக்குமுன் கம்பால் தட்டுங்கள். செங்கல் குவியல் இருந்தால் வெறுங்கையால் புரட்ட வேண்டாம், பாம்பு இருக்கும்.

பதில் 2

கோரையைப் பற்றிச் சொல்கிறேன். வருடக்கணக்காக அதனோடுதான் என் தோட்ட வேலை. மேலே இலையைப் பிடுங்குவதால் பயனில்லை. கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், சில நாளில் புதுக் குருத்து வரும். கிழங்குகள் ஒன்றோடொன்று சங்கிலியாகத் தொடுத்திருப்பதால், மண்வெட்டியால் ஆழமாக வெட்டிப் பெயர்த்து, கட்டியை உதறிக் கையால் பொறுக்க வேண்டும். பொறுக்கியதை உரக்குழியில் போடாமல் மொட்டை மாடியில் சுருங்கக் காயவிடுங்கள்.

பங்குனி, சித்திரையில் நிலத்தை மறுபடி கொத்திக் கட்டியும் முட்டியுமாக வெயிலில் கிடக்கவிடுங்கள். ஈரமில்லாத மண்ணில் மேலே வந்த கிழங்கு காய்ந்து சாகும். நம் ஊர் வெயில் இதற்கென்றே வாய்த்தது. மெல்லிய கருப்பு பாலித்தீன் விரித்தால் கோரை அதையும் குத்திக்கொண்டு வெளியே வரும், அதை நம்பாதீர்கள்.

கோரைக்கு நிழல் ஆகாது. கோடை மழை கிடைத்ததும் சணப்பை என்னும் பசுந்தாள் உரச் செடியை நெருக்கமாக விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணோடு கலந்துவிடுங்கள். களையும் அடங்கும், மண்ணுக்கும் தழைச்சத்து சேரும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. கடைக்காரர் சொன்னது கிளைபோசேட். கறிவேப்பிலை பக்கம் படாமல் அடிக்கலாமா? கருவேலங்கன்றுகளை என்ன செய்வது?

பதில் 3

அடிக்க வேண்டாம் சகோதரரே. கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. காற்றில் ஒரு சாரல் போனாலும் கறிவேப்பிலைத் தளிர் கருகும். நான்கு சென்ட்டுக்கு இரண்டு ஆள் கூலி கொடுத்தால் போதும், மருந்தே தேவையில்லை.

சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் கொத்தாகத் துளிர்க்கும். சுற்றிலும் தோண்டி, தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே கடப்பாரையால் நெம்பி எடுங்கள். கன்றாக இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

கறிவேப்பிலையைச் சுற்றி மண்வெட்டி போடாதீர்கள். வேரில் வெட்டு விழுந்த இடத்தில் பக்கக்கன்றுகள் கிளம்பும். அங்கே களைக்கொத்தால் மேலாகக் கொத்தி, காய்ந்த இலையும் தென்னை மட்டையும் கனமாகப் பரப்பினால் போதும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

கேட்டவர்

நாளை மாலையே தண்ணீர் விடுகிறேன். பூத்த செடிகள் முதலில், பிறகு கருவேலம். கோரையைப் பங்குனிக்குள் ஒரு சுற்றுப் பெயர்த்துவிட்டு, சணப்பை விதை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறேன்.

பதில் 2

வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். அங்கே இருப்பு இல்லையென்றால் இன்னொரு பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு வாங்கினாலும் சரி.