பத்மினி மலை ஏறும்போது நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறினால் கிளம்புகிறது. உதவி வேண்டும்

ஆனைமலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். 1986 மாடல் பிரிமியர் பத்மினி வைத்திருக்கிறேன். அப்பா வாங்கிய வண்டி. எங்கள் தெருவில் இன்றைக்கும் அதற்கு ஃபியட் என்றுதான் பெயர். 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் கியர், சோலெக்ஸ் கார்புரேட்டர், பாயிண்ட் இக்னிஷன் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் பழைய பாணி சுவிட்ச்தான் பாயிண்ட்). எதையும் மாற்றி நவீனமாக்கவில்லை.

பிரச்சினை இதுதான். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குப் போய் வந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் வால்பாறை ரோட்டில் ஆழியாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் ஏழாவது, எட்டாவது வளைவில் இன்ஜின் மிஸ் அடிக்கத் தொடங்குகிறது. இரண்டு குலுக்கு, அப்புறம் அப்படியே அணைந்துவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்காது. பானட்டைத் திறந்து வைத்துவிட்டு முப்பது, நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. திரும்பவும் மூன்று நான்கு வளைவு, திரும்பவும் அதே கதை. ஏப்ரலில் இரண்டு தடவை முயற்சி செய்து, இரண்டு தடவையும் ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். இறக்கத்தில் ஒன்றும் ஆவதில்லை.

போன டிசம்பரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெரிய வேலை பார்த்தேன். ஹெட் கேஸ்கெட், பிளக், பாயிண்ட், அது கருகாமல் காக்கும் கண்டன்சர், ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தரும் காயில், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாம் புதுசு. கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. அப்பா பின்னாளில் வைத்த டெம்பரேச்சர் கேஜில் முள் நடுவைத் தாண்டவே இல்லை.

கேட்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: வேப்பர் லாக், பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகிறது, எலக்ட்ரிக் பம்ப் போடு. போடலாம். ஆனால் பாடியில் துளை போட்டு வயர் இழுக்க மனசு வரவில்லை. அப்பாவுக்கு இப்போது 74 வயது. வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். இந்த வண்டியிலேயே ஒரு தடவை மேலே போய் வரவேண்டும் என்கிறார். நடு வளைவில் அவரை வெயிலில் உட்கார வைக்க முடியாது. பம்ப் வாங்குவதற்கு முன்னால் வேறு என்ன பார்க்கலாம்?

மார்க்4_மதுரை

வேப்பர் லாக்கேதான். என் அம்பாசடரும் கொடைக்கானல் ஏற்றத்தில் இப்படிச் செய்தது. பம்ப் இன்ஜினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, அது சூடாகும்போது உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்ப் வெறும் ஆவியைத்தான் அமுக்கும். ஒரு பழைய பனியனை நனைத்துப் பம்ப் மேல் சுற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நான் பத்து வருடம் அப்படித்தான் மலை ஏறினேன். பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் சூடு தடுக்கும் கட்டை ஒன்று வரும். வேலை பார்த்தவர்கள் அதை ஒழுங்காகத் திரும்ப மாட்டினார்களா என்றும் பாருங்கள்.

ஹெரால்ட்_சென்னை

இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் ஹோஸ் உள்பக்கம் ஊறி, துகள் துகளாக உதிர்ந்து ஃபில்டரை அடைத்தது. வெளியே பார்த்தால் ஹோஸ் புத்தம் புதுசு மாதிரி இருந்தது. டேங்கின் அடியில் தேங்கியிருக்கும் பழைய கசடையும் அது கரைத்துக் கொண்டுவரும். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். மலைப் பிரச்சினை இதனால் தீருமோ என்னவோ, மாற்றுவது வீணாகாது.

மும்பை_மாட்டுங்கா

பத்மினி என்றதும் உள்ளே வந்துவிட்டேன். என் பெரியப்பா மாட்டுங்காவில் கருப்பு மஞ்சள் டாக்ஸி ஓட்டியவர். 2003 அக்டோபரில் பதிவான கடைசி பத்மினி டாக்ஸிக்கு இருபது வருடம் முடிந்து 2023 அக்டோபரில் ரோட்டை விட்டுப் போனபோது, அவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. பழுதைப் பற்றி எனக்குத் தெரியாது. எப்படியாவது அப்பாவை மேலே கூட்டிப் போய்விடுங்கள்.

ஆட்டோ_எலக்ட்ரீஷியன்_திண்டுக்கல்

தம்பி, முப்பத்தைந்து வருடம் இந்த வண்டிகளோடுதான் இருந்தேன். நீங்கள் எழுதியதில் ஒன்று மட்டும் இல்லை. வண்டி நின்றபோது நின்றது பெட்ரோலா, ஸ்பார்க்கா? அதை யாரும் பார்க்கவில்லை. சூட்டில் நின்று ஆறினால் கிளம்பும் பழுது இரண்டு பக்கத்திலும் உண்டு. வேப்பர் லாக்கும் அப்படித்தான். கண்டன்சர், காயில் போனாலும் அப்படித்தான். வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

வண்டி ஆறிய பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கும். நின்ற ஐந்து நிமிடத்துக்குள் பார்க்கவேண்டும். பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள்.

முதலில் ஸ்பார்க். காயிலிலிருந்து, ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப் நடுவுக்கு வரும் தடித்த வயரைக் கேப்பிலிருந்து உருவுங்கள். ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, அதன் முனையை இன்ஜின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, டப் டப் என்று சத்தத்தோடு குதித்தால் ஸ்பார்க் சரி. மஞ்சளாக, மெலிந்து, விட்டு விட்டு வந்தால் கோளாறு அங்கேதான்.

வயரைத் திரும்ப மாட்டி, சாவியை ஆஃப் செய்த பிறகு ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்து, த்ராட்டிலைக் கையால் சடாரென்று இழுங்கள். ஊசி மாதிரி பெட்ரோல் பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது என்று அர்த்தம், வேப்பர் லாக்கை மறந்துவிடலாம். வறண்டு கிடந்தால் மதுரை நண்பர் சொன்னது சரி.

ஸ்பார்க் பார்க்கும்போது ஏர் கிளீனர் மூடியே இருக்கட்டும். திறந்த பெட்ரோலுக்குப் பக்கத்தில் பொறி கூடாது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. எல்லாம் புதுசு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகமே அந்தப் புதுசு மேல்தான். டிசம்பருக்கு முன்னால் இந்த வண்டி மலை ஏறியதா?

ஆனைமலைக்காரன்

சார், ஏறியது. போன வருடம் ஜூனில் அட்டகட்டி வரை போய் வந்தேன், ஒரு இருமல்கூட இல்லை. நீங்கள் கேட்கும் வரை இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஆனைமலைக்காரன்

போய் வந்தோம். எட்டாவது வளைவில் மிஸ் ஆரம்பித்தது. ஒன்பதாவதில் வண்டி நிறுத்தும் இடத்துக்குச் சேர்ந்ததும் அணைந்தது. வேகமாகப் பார்த்தோம்.

ஸ்பார்க்: மச்சான் செல்ஃப் அடித்தார். முதல் நான்கைந்து சுற்றுக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் மஞ்சளாக ஒன்று, நூல் மாதிரி. சத்தமே இல்லை. வயரை இரும்புக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனால்தான் குதிக்கிறது.

பெட்ரோல்: த்ராட்டிலை இழுத்ததும் நன்றாகப் பீய்ச்சியது. ஐந்தாறு தடவை இழுத்தும் குறையவில்லை. பம்ப்பைத் தொட்டுப் பார்த்தேன், சூடுதான், ஆனால் கை வைக்க முடிந்தது.

காயிலைத் தொட்டபோது கையை எடுத்துவிட்டேன். அப்படிச் சுட்டது. மூடி ஓரத்தில் எண்ணெய் மாதிரி லேசாகக் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறது. முப்பத்தைந்து நிமிடம் கழித்து, காயில் வெதுவெதுப்பாக ஆனதும், அதே வயரில் நீல ஸ்பார்க்.

மார்க்4_மதுரை

அப்படியானால் என் பனியன் வேலைக்கு ஆகாது. நல்லவேளை பம்ப் வாங்கவில்லை. இது கண்டன்சராக இருக்குமா? சூட்டில் கண்டன்சர் போனாலும் ஸ்பார்க் மஞ்சளாகத்தான் வரும்.

ஆட்டோ_எலக்ட்ரீஷியன்_திண்டுக்கல்

கண்டன்சராகவும் இருக்கலாம். இப்போது கடையில் வருகிற கண்டன்சர்கள் பாதிக்கு மேல் நம்ப முடியாது. ஆனால் கண்டன்சர் போனால் காயில் கையைச் சுடுமளவு கொதிக்காது. எண்ணெயும் கசியாது. தம்பி, வண்டி நன்றாக ஆறியபின் காயிலின் இரண்டு சின்ன வயர்களையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்து சொல்லுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொட வைத்து என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். சின்ன அளவுகளில் அதுவே ஏமாற்றிவிடும். காயில் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். பாயிண்ட்டையும் திறந்து பாருங்கள்.

ஆனைமலைக்காரன்

ஊசிகள் தொட்டால் 0.2. காயிலில் 1.7. கழித்தால் 1.5 ஓம். காயிலின் மேல் ஸ்டிக்கர் பாதி உரிந்திருக்கிறது. துடைத்துப் பார்த்ததில், வெளியே ரெசிஸ்டர் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பாயிண்ட் முகம் இரண்டும் நீலம் பாரித்து, ஒன்றில் குழி, மற்றதில் மேடு. நான்கு மாதப் பாயிண்ட் அது.

ஆட்டோ_எலக்ட்ரீஷியன்_திண்டுக்கல்

கிடைத்துவிட்டது. அது உங்கள் வண்டிக்கான காயிலே இல்லை.

உங்கள் பத்மினியில் காயிலுக்கு நேராக 12 வோல்ட் போகிறது, நடுவில் கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் கிடையாது. அப்படிப்பட்ட வண்டிக்கு 3 ஓம் அளவில் காயில் வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது அதில் 4 ஆம்பியர் ஓடும். நீங்கள் வைத்திருப்பது ரெசிஸ்டரோடு சேர்த்துப் போடவேண்டிய 1.5 ஓம் காயில். அதில் 8 ஆம்பியர் ஓடுகிறது. சூடும் இரண்டு மடங்கு, பாயிண்ட்டில் எரிவும் இரண்டு மடங்கு. சூடு ஏறிப்போய் உள்ளே இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கிறது, ஸ்பார்க் உள்ளேயே செத்துவிடுகிறது. ஆறினால் திரும்ப உயிர் வருகிறது.

பழனி ரோட்டில் ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். வேகமாகச் சுற்றும்போது பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் குறைவு, காயிலில் கரண்ட் முழுசாக ஏறுவதற்குள் பாயிண்ட் திறந்துவிடும். முகப்பிலிருந்து காற்றும் அடிக்கும். கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, கரண்ட் ஒவ்வொரு தடவையும் முழுசாக ஏறுகிறது, காற்றும் இல்லை. எதிரே பஸ் வந்தால் அங்கேயே நின்று வழி விடுகிறீர்கள். எல்லாம் சேர்ந்து எட்டாவது வளைவில் அதன் கணக்கு முடிகிறது.

ரெசிஸ்டர் வாங்கிச் சேர்த்தாலும் ஓடும். ஆனால் எண்ணெய் கசிந்த காயிலை நான் நம்பமாட்டேன். 3 ஓம் காயில் ஒன்று, பாயிண்ட் ஒன்று, கூடவே நல்ல கண்டன்சர் ஒன்று மாற்றுங்கள். காயிலின் மைனஸ் முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகவேண்டும். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து 0.45 மி.மீ. வையுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது ஸ்பார்க் வரும் நேரமும், மாறும், அதனால் டைமிங்கைக் கடைசியில் பாருங்கள். பாயிண்ட்டின் ஃபைபர் உரசும் இடத்தில் அரிசி அளவு கிரீஸ், அதற்கு மேல் வேண்டாம்.

வண்டி நிற்கும்போது பாட்டு கேட்க, கண்ணாடி துடைக்க என்று சாவியை ஆன் செய்து வைக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் நல்ல காயிலையும் பத்து நிமிடத்தில் வேகவைத்துவிடும்.

ஹெரால்ட்_சென்னை

காயில் கோயம்புத்தூரில் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள். சனிக்கிழமை புதுப்பேட்டை போகிறேன். கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து வாங்கி அனுப்புகிறேன். அட்டைப் பெட்டியை நம்பி வாங்கவேண்டாம்.

ஆனைமலைக்காரன்

சென்னை நண்பர் அனுப்பிய காயில் 3.1 ஓம் காட்டியது. பாயிண்ட், கண்டன்சர் மாற்றி, டைமிங் பார்த்தாயிற்று. ஹோஸ்களையும் மாற்றிவிட்டேன்.

நேற்றுக் காலை ஆறரைக்கு அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கிளம்பினேன். ஒன்பதாவது வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுக் காயிலில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, ஆனால் உள்ளங்கையை அப்படியே வைத்திருக்க முடிந்தது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பாறையில் இரண்டு வரையாடுகள் நின்றிருந்தன. அப்பா இறங்கவில்லை, போகலாம் என்றார். அதற்கு மேல் ஒவ்வொரு வளைவின் பலகையையும் அவர்தான் வாய்விட்டு எண்ணினார். கடைசி வளைவான நாற்பது வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டு, டேஷ்போர்டைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். எஸ்டேட் கேட் வரை போனோம். அவர் இருந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். டீ கொடுத்தார்கள்.

திண்டுக்கல் சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அப்பா உங்கள் ஊர் வழியாகப் போகும்போது வண்டியைக் காட்டிவிட்டு வரவேண்டும் என்கிறார்.

ஆட்டோ_எலக்ட்ரீஷியன்_திண்டுக்கல்

கட்டாயம் வாருங்கள். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். கழற்றிய காயிலை ஸ்பேர் என்று டிக்கியில் போட்டு வைத்திருக்கிறீர்களா? இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். என்றைக்காவது இருட்டில் வேறு யாராவது அதை எடுத்து மாட்டிவிடுவார்கள்.

ஆனைமலைக்காரன்

டிக்கியில்தான் இருந்தது சார். எடுத்து, மார்க்கரில் "1.5 ஓம், இந்த வண்டிக்கு அல்ல" என்று எழுதி வீட்டுப் பரணில் வைத்துவிட்டேன். டிக்கியில் இப்போது இன்னொரு 3 ஓம் காயிலும் ஒரு கண்டன்சரும் இருக்கின்றன, இரண்டும் அளந்து பார்த்தவை.