டைவிங்கில் சைனஸ் காயம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

ஸ்கூபா டைவிங் செய்யும் நண்பர்களுக்கு வணக்கம். என் தங்கைக்காகக் கேட்கிறேன். நீருக்குள் இறங்கத் தொடங்கியதுமே புருவத்துக்கு மேலும் கன்னத்திலும் அவளுக்குக் கடுமையாக வலித்திருக்கிறது. மேலே வந்தபோது முகமூடிக்குள் இரத்தம். வலி அடங்கிவிட்டது, ஆனால் ஒரு பக்கக் கன்னமும் மேல் பற்களும் இன்னும் மரத்துப்போயிருக்கின்றன. என் பெரிய கவலை இதுதான்.

10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரு மடங்காகிவிடுகிறது. சைனஸ் (முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறை) மூக்கோடு சேரும் துவாரம் அடைத்திருந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்க, சவ்வு வீங்கி இரத்தம் கசியும் என்பது புரிகிறது. கன்னத்து நரம்பு அழுத்தப்பட்டால் மரத்துப்போகும் என்றும் படித்தேன்.

இப்படி யாருக்காவது ஆகியிருக்கிறதா? உணர்வு திரும்ப எவ்வளவு காலம் பிடித்தது? சி.டி. ஸ்கேன் எடுத்தீர்களா, மூக்குக்குள் சிறு கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியே போதுமானதாக இருந்ததா? காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அவரிடம் மறக்காமல் எதைக் கேட்க வேண்டும்?

மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்கலாம் என்று சிலர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நீருக்கடியில் மருந்தின் வேகம் தீர்ந்துவிட்டால், மேலேறும்போது விரியும் காற்று வெளியேற வழியின்றி மாட்டிக்கொள்ளுமே! மருத்துவர் அனுமதிக்கும்வரை அவள் இறங்கப்போவதில்லை.