முடிச்சூரா, ஊரப்பாக்கமா, கூடுவாஞ்சேரியா? 55 லட்சத்துக்குள் வீடு, ஏரியா தேர்வுக்கு உதவி வேண்டும்

கிண்டி_ஷிஃப்ட்

வணக்கம். சென்னையின் தென் புறநகரில் வீடு தேடுகிறேன். பத்திரச் செலவும் சேர்த்து 55 லட்சம்தான் எல்லை. எனக்கு கிண்டி எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை, மனைவிக்குத் தாம்பரத்தில் பள்ளி. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. இப்போது கையில் மூன்று இருக்கிறது: முடிச்சூர் பக்கம் சின்ன மனையில் தனி வீடு (பழையது), ஊரப்பாக்கத்தில் புது அபார்ட்மென்டில் இரண்டு படுக்கையறை, கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு லேஅவுட்டில் மனை வாங்கிக் கட்டுவது. மூன்று இடத்திலும் புரோக்கர் சொல்வது ஒன்றுதான்: "இங்க தண்ணியே நிக்காது சார்." இதை நாமே சரிபார்க்க வழி உண்டா? எந்த ஏரியா நல்லது?

---

ஏரிக்கரை

சார், ஏரியா பெயரை வைத்து முடிவு செய்யாதீங்க. தெருவை வைத்து, முடிந்தால் சர்வே எண்ணை வைத்து முடிவு செய்யுங்க. நீங்க சொன்ன மூன்று ஊரும் ஒரே நீர்வழியில் உட்கார்ந்திருக்கின்றன.

அடையாறு நதி ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரியை வாங்கிக்கொண்டு, வரதராஜபுரம், முடிச்சூர் ஓரமாகப் போய், திருநீர்மலை அருகேதான் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரியோடு சேர்கிறது. அதனால் "செம்பரம்பாக்கம் திறந்தாதான் முடிச்சூருக்கு ஆபத்து" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அந்தத் தண்ணீர் சேருமிடம் முடிச்சூருக்குக் கீழே. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு மேல்பக்கத்து ஏரிகள் ஒரே நேரத்தில் நிரம்பி வழிந்ததுதான் முதல் காரணம். செம்பரம்பாக்கம் மட்டத்தை டிவியில் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தால் போதாது.

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில் கதை வேறு. ஜி.எஸ்.டி. சாலைக்கு (தாம்பரம் - செங்கல்பட்டு நெடுஞ்சாலை) கிழக்கே இருக்கும் ஏரிகளின் உபரி, சாலையையும் தண்டவாளத்தையும் சிறுபாலங்கள் வழியாகத் தாண்டி மேற்கே அடையாற்றுப் பக்கம் போக வேண்டும். சிறுபாலத்தின் வாய் குப்பையால் அடைத்தால் கிழக்குப் பக்கம் தேங்கும். நன்றாகத் திறந்திருந்தால் மேற்குப் பக்கத் தெருக்கள் வாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு அருகில் எந்தச் சிறுபாலம், அதிலிருந்து வரும் வாய்க்கால் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று நடந்தே பாருங்க.

வீட்டிலிருந்து செய்யக்கூடியது மூன்று.

அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" நிலச் சேவைத் தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு புலப்படம் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) எடுங்க. அதில் வாய்க்கால் இரட்டைக் கோடாகத் தெரியும். உங்கள் எண்ணுக்கு மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். சுற்றியுள்ள நாலைந்து எண்களுக்கும் எடுத்து ஒட்டிப் பார்த்தால் வாய்க்கால் எங்கிருந்து எங்கே போகிறது என்று புரியும். பல இடங்களில் வரைபடத்தில் வாய்க்கால் இருக்கும், தரையில் அதன் மேல் ரோடு இருக்கும். தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை.

அ-பதிவேட்டில் (எந்த எண் எந்த வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) பக்கத்து எண்களின் வகைப்பாட்டைப் பாருங்க. ஏரி, குளம், ஓடை, மேய்க்கால், கழுவெளி என்று இருந்தால் அது பக்கத்து எண்தானே என்று விடாதீங்க. நஞ்சை என்று இருந்தால் ஒரு காலத்தில் ஏரிப் பாசனம் பாய்ந்த தாழ்ந்த நிலம் என்று பொருள்.

கூகுள் எர்த் ப்ரோவை கணினியில் இறக்கி, பழைய படங்களில் டிசம்பர், ஜனவரி மாதத்துப் படங்களை மட்டும் பாருங்க. கோடையில் பொட்டல் வெளி, ஜனவரியில் கரும்பச்சைத் திட்டு என்றால் அது குட்டை. ஆனால் அதே செயலி காட்டும் "கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்" கணக்கை நம்பி வாங்காதீங்க. அதில் சில மீட்டர் வரை பிழை வரும், நமக்கு வேண்டியது அடிக்கணக்கு.

என்னைக் கேட்டால் முடிச்சூரை விட்டுவிடுங்க.

---

கடைசி_லோக்கல்

பயணம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடற்கரையிலிருந்து வரும் புறநகர் ரயில்களில் பெரும்பகுதி தாம்பரத்தோடு நின்றுவிடும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிக்கு செங்கல்பட்டு வண்டிகள் மட்டும்தான். ஷிஃப்ட் வேலைக்கு இது பெரிய வித்தியாசம். காலை எட்டு மணிக்கு எத்தனை வண்டி என்று எண்ணாதீங்க, உங்கள் ஷிஃப்ட் முடிந்து கிண்டி பிளாட்பாரத்துக்கு வரும் நேரத்துக்குப் பிறகு செங்கல்பட்டு வண்டி எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று எண்ணுங்க. ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் தனியாகப் பார்க்கணும், பராமரிப்புக்காக வண்டிகளை ரத்து செய்வதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

முடிச்சூருக்குத் தாம்பரம் வரை ரயில் தாராளம். சிக்கல் அதற்குப் பிறகு வரும் முடிச்சூர் ரோட்டில். மாலை ஆறு முதல் எட்டு வரை அந்த நாலைந்து கிலோமீட்டர், ரயில் பயணத்தின் நேரத்தையே தின்றுவிடும். மனைவிக்குப் பள்ளி தாம்பரத்தில் என்பதால் அவருக்கும் அதே ரோடுதான். ஒரு வேலை நாள் சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் போய்ப் பாருங்க. புரோக்கர் ஞாயிறு காலை பைக்கில் கூட்டிப் போய்க் காட்டும் "பத்து நிமிஷம்" கணக்கில் சேராது.

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில் வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்க. நேர்க்கோட்டில் அரை கிலோமீட்டர் இருக்கும், மேம்பாலமோ சுரங்கப்பாதையோ சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர் ஆகிவிடும். சுரங்கப்பாதை என்றால் மழை நாளில் அது மூடியிருக்கும், அன்றைக்கு மாற்று வழி எது?

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறந்தது. தென் மாவட்டம் போக வசதி, ஆனால் தீபாவளி, பொங்கல் முன்தின மாலைகளில் ஜி.எஸ்.டி. சாலையை மறந்துவிடுங்க, ரயில்தான். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரும் என்று விலையில் ஏற்றிச் சொன்னால் அந்தத் தொகையை அப்படியே குறைத்துப் பேசுங்க. இன்றைக்கு ஓடும் வண்டிக்கு மட்டும்தான் காசு கொடுக்கணும்.

---

டியூப்_லெவல்

ஏரிக்கரை சார் சொன்ன வரைபட வேலை எல்லாம் சரி. முடிச்சூர் முழுக்க வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அங்கேயே 2015-இல் இடுப்பளவு வந்த தெருவும், வாசப்படி நனையாத தெருவும் இருக்கின்றன. பேர் கெட்டுவிட்டதால் மேட்டுத் தெருவிலும் விலை குறைத்துப் பேச முடியும். மேடா பள்ளமா என்பதை அளக்கணும், அவ்வளவுதான்.

அளக்க மேஸ்திரி வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். 50 அடி நீள, உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ரோட்டின் நடு மேட்டிலும் மறுமுனையை வீட்டு வாசலிலும் நிமிர்த்திப் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து ரோட்டுக்கு எவ்வளவு, வீட்டுத் தரைக்கு எவ்வளவு என்று டேப்பில் எடுத்துக் கழித்தால் தரை எத்தனை அடி உயரம் என்று வந்துவிடும். டியூபை நகர்த்தி நகர்த்தித் தெருமுனை வரை போகலாம். இந்தப் பகுதிக்கு ரோட்டிலிருந்து தரை 3 அடிக்குக் குறைந்தால் தரைத்தளம் வேண்டாம். ஏன் 3 அடி? பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடும் ஒவ்வொரு முறையும் ரோடு சில அங்குலம் ஏறும். பழைய தனி வீடுகளில் வாசல் ரோட்டுக்குக் கீழே போனது அப்படித்தான்.

பிறகு தெருவில் நின்று கண்ணால் பார்க்க வேண்டியவை: இ.பி. மீட்டர் பெட்டியைத் தோள் உயரத்துக்கு மேல் மாற்றியிருக்கிறார்களா, சம்ப் மூடியைச் சுற்றிப் புதிதாகக் கட்டை எழுப்பியிருக்கிறார்களா, கேட்டுக்குக் கீழே பலகை செருகக் காடி இருக்கிறதா. ஒரு வீட்டில் இருந்தால் அவர்கள் பழக்கம். தெரு முழுக்க இருந்தால் அது அனுபவம். சுவருக்கு மட்டும் புது பெயின்ட் அடித்து, உள்ளே மர நிலைக்காலின் அடி உப்பியிருந்தால் கேள்வி கேளுங்க.

மழைநீர் வடிகால் இருக்கிறது என்பதோடு நிற்காதீங்க, அது எங்கே போய் முடிகிறது என்று கூடவே நடங்க. காலி மனையில் போய் முடிந்தால் அது வடிகால் இல்லை. இதில் பலர் கவனிக்காத ஒன்று: இன்றைக்கு உங்கள் தெருத் தண்ணீரை வாங்கிக்கொண்டிருப்பது பக்கத்துக் காலி மனைகள். அவர்கள் நாலடி மண் அடித்து வீடு கட்டியதும் அந்தத் தண்ணீர் உங்கள் வாசலுக்கு வரும். கூடுவாஞ்சேரி தாண்டிய புது லேஅவுட்டில் இது கட்டாயம் நடக்கும், இன்றைக்கு வறண்டிருப்பதை வைத்து நம்ப முடியாது.

கன மழை விட்டு 24 மணி நேரம் கழித்துப் போங்க. பெய்யும்போது எல்லாத் தெருவிலும்தான் தண்ணீர் ஓடும். தண்ணி கேன் போடுபவரிடமும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் இரண்டு கேள்வி: எவ்வளவு உயரம், எத்தனை நாள். முழங்கால் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வடிந்தால் துடைத்துவிட்டு இருக்கலாம். கணுக்கால் தண்ணீர் மூன்று நாள் நின்றால் செப்டிக் டேங்க் எதிர்த்து வரும், சம்ப் கெடும், கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள்.

---

கிண்டி_ஷிஃப்ட்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கூடுவாஞ்சேரி மனை "வரன்முறை செய்தது, பேங்க் லோன் கிடைக்கும், அப்புறம் என்ன பயம்" என்கிறார்கள். ஊரப்பாக்கம் அபார்ட்மென்டில் பத்து வீடு, கீழே பார்க்கிங், முதல் மாடி காட்டினார்கள், லிஃப்ட் இருக்கிறது. இவற்றில் என்ன பார்க்கணும்?

---

பத்திரம்_பாரு

வரன்முறை என்பது அனுமதி இல்லாமல் போட்ட மனைப்பிரிவை 2017 விதிகளின்படி முறைப்படுத்தியது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான விற்பனைதான் அதற்கு அளவுகோல். அது இருந்தால் பதிவும் நடக்கும், கட்டட அனுமதியும் கிடைக்கும். ஆனால் பூங்கா, நல்ல அகல ரோடு, வடிகால் இருக்கும் என்று அது சொல்லவில்லை. லேஅவுட் முழுவதும் வரன்முறை ஆனதா, உங்கள் மனை மட்டுமா என்று ஆணையை வாங்கிப் படியுங்க. வரைபடத்தில் 30 அடி ரோடு என்றால் டேப் வைத்து அளந்து பாருங்க, பள்ளிக்கூடம், பூங்கா என்று குறித்த இடத்தில் வீடு நிற்கிறதா என்றும் பாருங்க. முறையாக அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதியிருப்பார்கள், அது வில்லங்கச் சான்றில் தெரியும்.

வண்டலூரைத் தாண்டினால் பழைய அங்கீகாரங்கள் டி.டி.சி.பி.யில் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) இருக்கும். 2022-இல்தான் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். அதற்கு முந்தைய கூடுவாஞ்சேரி லேஅவுட்டுக்கு "சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு" என்று பலகை மாட்டியிருந்தால் அந்த எண்ணைக் கேட்டுச் சரிபாருங்க.

பேங்க் கடன் கொடுப்பது வெள்ளத்தையோ வழியையோ பார்த்து அல்ல. அவர்களின் வக்கீல் பார்ப்பது அடமானம் செல்லுமா என்று மட்டும். நீங்க தனியாக ஒரு வக்கீலிடம் 30 வருட வில்லங்கமும் தாய்ப்பத்திரமும் கொடுத்துக் கருத்து வாங்குங்க. பவர் பத்திரம் மூலம் விற்பனை என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்பதுதான் முதல் கேள்வி.

செலவுக் கணக்கு: மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரை 7, பதிவு 2, மொத்தம் 9 சதவீதம். 50 லட்சத்து வீட்டுக்கு 4.5 லட்சம். புது அபார்ட்மென்டின் முதல் விற்பனைக்கு, கூட்டு மதிப்பு (மனைப் பங்கும் கட்டடமும் சேர்ந்தது) 50 லட்சம் வரை என்றால் மொத்தம் 6 சதவீதம். உங்கள் எல்லைக்கு இந்த ஒன்றரை லட்சம் பெரிது. எட்டு வீட்டுக்கு மேல் இருப்பதால் ரெரா (கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண் இருக்கணும். யு.டி.எஸ். (மனையில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) எத்தனை சதுர அடி, எல்லா வீட்டுக்கும் சேர்த்துக் கூட்டினால் மனையின் அளவுக்குள் வருகிறதா என்று பாருங்க.

---

ரெண்டாவது_சம்ப்

அபார்ட்மென்டுக்குத் தண்ணீர்க் கணக்கைப் போடுங்க. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், வீட்டுக்கு நாலு பேர், பத்து வீடு என்றால் 5,400 லிட்டர். கோடையில் போர் வற்றினால் ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் இரண்டு நாளைக்குத்தான் தாங்கும். அந்தப் பக்கம் அடியில் கடினப் பாறை. பக்கத்து மனைப் போரில் தண்ணீர் கொட்டுவதை வைத்து உங்கள் போரை எடை போட முடியாது, பாறையில் வெடிப்பு கிடைத்தால்தான் ஊற்று. ஏப்ரல், மே மாத லாரி பில்லைப் பக்கத்துக் குடியிருப்புச் சங்கத்தில் கேளுங்க. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பு) மீட்டர் கையோடு கொண்டு போங்க. குடிக்க 500 வரை நல்லது, 2,000 தாண்டினால் குடிக்கவே வேண்டாம்.

பாதாளச் சாக்கடை வராத தெரு என்றால் செப்டிக் டேங்க் கொள்ளளவு என்ன, கழிவுநீர் லாரி உள்ளே வந்து திரும்ப இடம் இருக்கிறதா, மாதம் எத்தனை முறை எடுக்கிறார்கள் என்று கேட்டால்தான் பராமரிப்புத் தொகை நிஜமாகத் தெரியும்.

அம்மாவுக்காக முதல் மாடி, லிஃப்ட் என்பது நல்ல தேர்வுதான். லிஃப்ட் குழியில் தண்ணீர் இறங்கினால் அது வாரக்கணக்கில் ஓடாது. அதனால் குழிக்குள் சம்ப் பம்ப் இருக்கிறதா, லிஃப்டின் கன்ட்ரோல் பெட்டி மேல்தளத்தில் இருக்கிறதா, ஜெனரேட்டரும் மெயின் பேனலும் பார்க்கிங் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் என்று பாருங்க. பார்க்கிங் தரையே ரோட்டை விடத் தாழ்ந்திருந்தால் அந்தக் கட்டடம் வேண்டாம், விலை எவ்வளவு குறைத்தாலும்.