பந்தல் கடை போர்டும் பயோடேட்டாவும்: ‘ஹயர்’ என்ற சொல்லிடம் மாட்டியவர்கள் சொல்லுங்கள்

திருப்பாதிரிப்புலியூர்க்காரன்

எங்கள் சித்தப்பாவுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் பந்தல் கடை. சாமியானா, சேர், அண்டா, சீரியல் செட் எல்லாம் வாடகைக்கு விடுவார். போன வருஷம் கடைக்குப் புது போர்டு வைத்தார். நான் அப்போது படிப்பு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். “இங்கிலீஷ்ல ஒரு வரி நல்லா எழுதிக் குடுடா” என்றார். வாடகை சைக்கிள் கடையில் ‘சைக்கிள் ஆன் ஹயர்’ என்று பார்த்து வளர்ந்தவன் நான். ஹயர் என்றால் வாடகை, அப்படியானால் வாடகைக்கு விடுகிறோம் என்பது ‘வீ ஆர் ஹயரிங்’. சந்தேகமே வரவில்லை. பெரிய சிவப்பு எழுத்தில் எழுதி மாட்டிவிட்டோம்.

மறுநாள் காலையில் இரண்டு பேர் பயோடேட்டாவோடு வந்து நின்றார்கள். அந்த வாரத்துக்குள் ஒன்பது பேர். பண்ருட்டியிலிருந்து ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். கல்யாண பார்ட்டி என்று நினைத்துச் சித்தப்பா அந்தப் பையனிடம், “எத்தனை சேர் வேணும்?” என்று கேட்டார். இன்டர்வியூவில் கேட்கும் கேள்வி போலிருக்கிறது என்று பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணு போதும் சார்” என்றான்.

பிறகுதான் உட்கார்ந்து அகராதியைப் புரட்டினேன். ஹயர் செய்வது என்றால் காசு கொடுத்து எடுப்பது. ஆளை எடுத்தால் வேலைக்கு வைப்பது, பொருளை எடுத்தால் வாடகைக்கு எடுப்பது. கொடுப்பவன் அந்தச் சொல்லைத் தனியாகப் போடக்கூடாது. ‘ஹயர் அவுட்’ என்றோ, போர்டில் ‘ஃபார் ஹயர்’ என்றோ எழுதவேண்டும். நமக்கு எடு, விடு என்று இரண்டு சொல் இருப்பதால் இந்த வம்பே கிடையாது. ஆளுக்குக் கூலி, வீட்டுக்கு வாடகை, நிலத்துக்குக் குத்தகை என்று தனித்தனியாக வேறு பிரித்து வைத்திருக்கிறோம்.

முத்தியால்பேட்டை

இங்கிலீஷாவது பரவாயில்லை அண்ணே. எங்கள் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். அவர் சொல்வார், பிரெஞ்சில் ‘லூயே’ என்ற ஒரே சொல்லுக்கு வாடகைக்கு எடுப்பது, வாடகைக்கு விடுவது இரண்டும் அர்த்தம். ஒருத்தன் அந்தச் சொல்லைப் போட்டு வீட்டைப் பற்றிப் பேசினால் அவன் குடியிருப்பவனா, வீட்டுக்காரனா என்று அடுத்த வரியில்தான் தெரியும். போதாததற்குப் புகழ்வதற்கும் அதே சொல். லத்தீனில் வாடகைக்கும் புகழ்வதற்கும் வேறு வேறு சொல்லாக இருந்து, பிரெஞ்சில் ஒரே உச்சரிப்பில் வந்து சேர்ந்துவிட்டனவாம்.

நான் மாட்டியது வேறு இடத்தில். ஒரு கெஸ்ட்ஹவுஸில் வரவேற்பில் வேலை பார்த்தபோது பிரான்ஸிலிருந்து வந்த அம்மா ஒருவர், “ஸ்கூட்டர் லொகேஷன்?” என்று கேட்டார். ஸ்கூட்டர் எங்கே நிற்கிறது என்று கேட்கிறாராக்கும் என்று வாட்ஸ்ஆப்பில் லொகேஷன் அனுப்பினேன். வெயிலில் பார்க்கிங் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர்கள் ஊரில் ‘லொகாசியோன்’ என்றால் வாடகைக்கு எடுப்பது! கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்ட வண்டிகள் நிற்கும் கடைக்கு நானே கூட்டிப் போனேன். அதே கடையில் லண்டன்காரர் ‘ஹயர்’ என்பார், அமெரிக்கர் ‘ரென்ட்’ என்பார், வண்டி ஒன்றுதான். லண்டன்காரருக்கு ரெண்டு நாள் சைக்கிளும் ஒரு நாள் மண்டபமும் ஹயர். மாதாமாதம் கட்டும் வீட்டுக்கு மட்டும் ரென்ட். அமெரிக்கர் ஹயர் என்றால் பெரும்பாலும் ஆள் எடுப்பதைத்தான் சொல்கிறார்.

நெல்லிக்குப்பம்

உங்களுக்கெல்லாம் சிரிப்பாகப் போயிற்று. எனக்குக் கைக்காசு போனது.

சொந்த போர்டு கார் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் சிதம்பரத்துக்கு ஒரு கல்யாணம். “டீசல் போட்டு மேல ஆயிரத்து ஐந்நூறு தர்றோம், நீங்களே ஓட்டிட்டு வாங்க” என்றார்கள். அக்கம்பக்கம்தானே என்று போனேன். புவனகிரி தாண்டித் திரும்பும்போது ஒரு லாரி உரசிப் பக்கவாட்டுக் கதவு இரண்டும் போயின. யாருக்கும் அடியில்லை, நல்லவேளை. இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டேன். விசாரிக்க வந்தவர் டீ குடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரிடம், “வண்டிக்கு எவ்வளவு குடுத்தீங்க?” என்று கேட்டார். அவர் வெள்ளந்தி, ரூபாய்க் கணக்கோடு சொல்லிவிட்டார்.

கிளெய்ம் தள்ளுபடி. பாலிசியில் எனக்குக் காட்டிய வார்த்தை ‘ஹயர் ஆர் ரிவார்டு’. அதற்காக ஓட்டினால் சொந்த கார் பாலிசி செல்லாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தச் சொற்றொடர் இருக்கிறது. மஞ்சள் போர்டும் பெர்மிட்டும் கேட்பது அதற்குத்தான். நான் என் காரை யாருக்கும் வாடகைக்கு விடவில்லையே, நானேதானே ஓட்டினேன் என்று வாதாடிப் பார்த்தேன். அங்கே ஹயர் என்றால் வண்டியை ஒப்படைப்பது இல்லை, வாங்கிய கூலி. பழைய இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்குக் கூலி என்றுதான் பொருளாம். ஆயிரம் வருஷத்துப் பழைய அர்த்தம் புவனகிரியில் வந்து என்னைப் பிடித்தது.

பண்ருட்டி

2011 டிசம்பர் 30, தானே புயல். பலா, முந்திரி எல்லாம் சாய்ந்து கிடந்தன, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தெருவில் ஐந்து வீடு சேர்ந்து ஜெனரேட்டர் எடுத்தோம், டேங்குக்குத் தண்ணி ஏற்ற. பில்லில் ‘ஹயர் சார்ஜஸ்’ என்று ஒரு தொகை. அவ்வளவுதான் என்று நினைத்தோம். டீசல் தனி, ஓட்ட வந்த ஆளுக்குப் பேட்டா தனி, கொண்டுவந்த வண்டிக்கு வாடகை தனி. மிஷின் மட்டும் தருவதை ‘டிரை ஹயர்’ என்பார்களாம், பிறகுதான் தெரிந்தது. இப்போது ஜேசிபி கூப்பிட்டாலும் முதல் கேள்வி, “டீசலு ஆளு சேத்தா, சேக்காமலா?”

கடலூர் முதுநகர்

மீன் ஏற்றும் மினி வேன் வாங்கினோம். தவணை கட்டிக்கொண்டிருந்தபோது ஆயா கேட்டது: “காசு கட்டுறது நாம, வண்டி யாருது?” நியாயமான கேள்வி. ‘ஹயர் பர்சேஸ்’ என்றால் கடைசித் தவணை கட்டி முடிக்கும்வரை சட்டப்படி வண்டி ஃபைனான்ஸ்காரருடையது. நாம் வாடகைக்கு ஓட்டுபவர்கள். ‘ஹைப்பாதிகேஷன்’ என்றால் வண்டி நம்முடையது, அவருக்கு அதன் மேல் பிடிமானம். ஊரில் இரண்டையும் ‘ஹெச்பி’ என்றே சொல்லிவிடுவோம். எதுவானாலும் தவணை முடிந்ததும் ஃபைனான்ஸ்காரரிடம் ஆட்சேபணை இல்லை என்ற என்ஓசியும் 35-ஆம் நம்பர் படிவமும் வாங்கி ஆர்டிஓவில் கொடுத்து ஆர்சியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள். நாங்கள் விட்டுவிட்டு, விற்கும்போது ஒரு மாதம் அலைந்தோம்.

முத்தியால்பேட்டை

திருப்பாதிரிப்புலியூர் அண்ணே, அந்த போர்டு என்ன ஆயிற்று?

திருப்பாதிரிப்புலியூர்க்காரன்

வந்த ஒன்பது பேரில் அந்தப் பண்ருட்டிப் பையன் எங்களிடமே இருக்கிறான், கம்பத்தில் ஏறுவதில் கெட்டிக்காரன். போர்டை மாற்றக் காசு செலவு பண்ண மாட்டேன் என்று சித்தப்பா ‘இங்’ மட்டும் தெரியாதபடி பெயின்ட் அடித்து, அங்கே ஒரு ‘ஈ’ எழுத்தைப் போட்டுவிட்டார். இப்போது ‘வீ ஆர் ஹயர்’ என்று நிற்கிறது. எதிர்ச் சாரியில் இன்னொரு பந்தல் கடை. அவர் பேரன் இதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறான். நாங்கள் அவர்களைவிட உசத்தி என்று போர்டு வைத்திருக்கிறோமாம். இரண்டு வாரமாக அவர் சித்தப்பாவிடம் பேசுவதில்லை.