ராத்திரிக் குளியல்: உங்க அனுபவம் எப்படி?

பனியன் ஊர்க்காரி (திருப்பூர்):
உடம்புக்கு நல்லதுன்னு யாரும் சொல்லி எனக்கு இந்தப் பழக்கம் வரலைங்க. கம்பெனியில ஒன்றரை ஷிப்ட்டு. காலையில எட்டரைக்கு மெஷின்ல உக்காந்தா ராத்திரி எட்டு மணிக்குத்தான் எந்திரிக்கறது. ஃப்ளீஸ் துணி ஓடற சமயம்னா கேக்கவே வேண்டாம். பறக்கற பஞ்சு புருவத்துல, காது மடிப்புல, கழுத்துச் சங்கிலியில எல்லாம் அப்பிக்கும். கறுப்புத் துணி தெச்ச அன்னிக்கு மூக்கைச் சிந்துனாக் கறுப்பா வரும். அப்படியே போய்ப் படுத்தா விடிய விடிய அரிப்புத்தான்.

இன்னொண்ணு, எங்க லைன் வீட்டுல அஞ்சு குடும்பத்துக்கு ஒரே பாத்ரூம். காலையில பக்கெட்டை வரிசையில வெச்சுட்டு நிக்கோணும். கதவைத் தட்டறதுல ஆரம்பிக்கற சண்டை கம்பெனி வேன் வர்ற வரைக்கும் ஓயாது. ராத்திரி ஒன்பது மணிக்கு அதே பாத்ரூம் காலியாக் கெடக்கும். போர் தண்ணியில ஒரு குண்டா காயவெச்சு, பக்கெட்டுல வெளாவி ஊத்திக்குவேன். தோள்பட்டையில அந்தச் சூடு எறங்கறப்ப, நாளெல்லாம் குனிஞ்சு தெச்ச இறுக்கம் விடறது நல்லாவே தெரியும். உப்புத்தண்ணிக்குச் சோப்பு நுரைக்காது, அது வேற கதை.

மொட்டைமாடி (சென்னை):
அக்கா, உங்களுக்குத் தண்ணியக் காயவைக்கணும், எங்களுக்கு மே மாசத்துல ஆறவைக்கணும்! சாயங்காலம் மாடி டேங்க் தண்ணியத் திறந்தா கை சுடுது. அதனால காலையில வேலைக்குக் கிளம்பும்போதே ரெண்டு பக்கெட் பிடிச்சு வெச்சிடுவேன். நாள் பூரா பைக்ல டெலிவரி. வேர்வையும் லாரிப் புகையும் சேர்ந்து கழுத்துல அழுக்கு உருண்டு வரும். குளிக்காமப் படுத்தா பாய்கூட நாறும்.

ஒரு சந்தேகம். என் ரூம்மேட் ஃப்ரிட்ஜ் தண்ணியக் கலந்து ஊத்திப்பான். ஊத்துறப்போ ஜில்லுனு இருக்காம். படுத்த கொஞ்ச நேரத்துல திரும்பப் புழுங்குதுன்னு எழுந்து உக்காந்துடுறான். ஏன் அப்படி?

நைட் டியூட்டி நர்ஸ் (மதுரை):
தூக்கம் வரணும்னா உடம்போட உள்சூடு கொஞ்சம் இறங்கணும் தம்பி. வெதுவெதுப்பான தண்ணி பட்டா கை, கால் தோலுக்கடியில ரத்தக்குழாய் விரியும். உள்ள இருக்கிற சூடு அது வழியா வெளியே போயிரும். ஐஸ் தண்ணியில அதே குழாய் சுருங்கிக்கிடும், சூடு உள்ளயே நின்னுரும்.

ஆஸ்டின்ல இருக்கிற டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க, முன்னாடி நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2019-ல ஒரு முடிவு சொன்னாங்க. படுக்கிறதுக்கு 1 முதல் 2 மணி நேரம் முன்னாடி, 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் தண்ணியில குளிச்சா, சராசரியா 10 நிமிஷம் சீக்கிரமாத் தூக்கம் வருதாம். மதுரை வெயில்ல 42 டிகிரித் தண்ணிய யாரு ஊத்திக்குவா? நம்ம ஊருக்கு வெதுவெதுப்பே போதும். குளிச்ச கையோட படுக்காம கொஞ்சம் இடைவெளி விடுங்க, அதுதான் முக்கியம்.

நான் காலையில டியூட்டி முடிஞ்சு வந்து குளிச்சிட்டு, நாலு இட்லி சாப்பிட்டு, ஜன்னலை மூடிட்டுப் படுப்பேன். பக்கத்து வீட்டு அத்தைக்கு நான் எப்பவும் 'பகல்ல தூங்குற புள்ள'தான்.

காவிரிக்கரை (தஞ்சாவூர்):
எல்லாரும் புகழ்றீங்க, எனக்கு ஒத்துக்கலை. சைனஸ் உண்டு. ராத்திரி தலைக்கு ஊத்திக்கிட்டா மறுநாள் நெத்தியெல்லாம் பாரம். சளி வைரஸாலதான் வருது, குளியலால இல்லைன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா பாரம் எனக்குத்தானே தெரியுது? இப்ப கழுத்துக்குக் கீழ மட்டும்தான், அதுவும் வெயில் காலத்துல.

ஒசாகா தமிழன்:
ஜப்பான்ல காலையில குளிக்கிறவங்களை விட ராத்திரி குளிக்கிறவங்கதான் அதிகம். முதல்ல தொட்டிக்கு வெளியே உக்காந்து சோப்புப் போட்டு அழுக்கைப் போக்கிடணும். அப்புறம்தான் சுடுதண்ணித் தொட்டியில இறங்கணும். வீட்டுல எல்லாருக்கும் அதே தண்ணிதான்! ஆறிடாம இருக்க மேல மூடி போட்டு வெப்பாங்க. தண்ணி சூடானதும் சுவத்துல இருக்கிற கருவி பாட்டுப் போட்டு, 'குளியல் தயார்'னு குரல் குடுக்கும். மிச்சத் தண்ணிய மறுநாள் ஒரு குழாய் வழியா வாஷிங் மெஷினுக்கு ஏத்திடுவாங்க. எங்க அம்மா வந்திருந்தப்போ, "அடுத்தவன் குளிச்ச தண்ணியிலயா?"ன்னு கடைசி வரைக்கும் இறங்கவே இல்லை.

நைட் டியூட்டி நர்ஸ் (மதுரை):
வீட்டுல சுகர்காரங்க இருந்தா ஒண்ணு கவனிங்க. கால் மரத்துப்போனவங்களுக்குச் சூடு தெரியாது. வேற யாராவது கைய விட்டுப் பாத்த பிறகு ஊத்தச் சொல்லுங்க. பிரஷர் மாத்திரை போடுறவங்க ரொம்பச் சூடா ஊத்திக்கிட்டு வெடுக்குனு எழுந்தா தலை சுத்தும். பாத்ரூம்ல ஒரு ஸ்டூல் கிடக்கட்டும்.

மொட்டைமாடி:
ரூம்மேட்கிட்ட சொல்லிட்டேன் அக்கா. சாப்பிட்டுக் குளிக்கலாமா, குளிச்சுட்டுச் சாப்பிடலாமா?

பனியன் ஊர்க்காரி:
குளிச்சுட்டுச் சாப்பிடு கண்ணு. வயிறு நெறஞ்சுட்டா அப்புறம் பாத்ரூம் பக்கம் போக யாருக்கு மனசு வரும்? தலைக்குக் குளிக்கறத ஞாயித்துக்கெழமை மத்தியானத்துக்கு வெச்சுக்கோ. நான் அப்படித்தான், மத்த நாள்ல கொண்டையத் தூக்கிக் கட்டி ஒரு துண்டு சுத்திக்குவேன்.