டி.யு.ஆர்.பி. முடிந்து வீட்டுக்கு வந்த அப்பாவுக்குக் குளிர் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் ஒட்டிய கிருமியா?

பெரம்பூர்க்காரன்:
அப்பாவுக்கு 68 வயது. போன வாரம் இங்கே சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புராஸ்டேட்டுக்கு டி.யு.ஆர்.பி. (யூரின் போகிற வழியாகவே கருவியை விட்டு, வீங்கிய புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கிற ஆபரேஷன்) செய்து, கதீட்டரை (யூரினை வெளியே பைக்கு வடிக்கிற குழாய்) எடுத்து அனுப்பிவிட்டார்கள். நேற்று ராத்திரியிலிருந்து உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி குளிர், 101 டிகிரி, யூரின் போகும்போது எரிச்சல் வேறு. பெரியம்மா எல்லாம் சூடுதான், இளநீரும் பார்லி தண்ணியும் கொடு என்கிறார். தெருமுனை மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை தருகிறேன் என்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் யூரின் டெஸ்ட் சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் காசையும் கொட்டிவிட்டுக் கிருமியையும் வாங்கி வந்தோமா?

வார்டு_சிஸ்டர்:
எரிச்சலும் லேசான ரத்தமும் சில வாரம் இருக்கும், அதை விடுங்கள். நடுக்கத்தோடு 101 என்பது வேறு விஷயம். ஆபரேஷன் செய்த டாக்டரை இப்போதே கூப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் நேராக எமர்ஜென்சி. கிருமி ரத்தத்தில் கலந்தால் இந்த வயதில் சில மணி நேரத்திலேயே பி.பி. இறங்கிவிடும். மெடிக்கல் மாத்திரை வேண்டவே வேண்டாம். யூரினில் அடிக்கடி வருகிற கிருமியான இ.கோலை நம் நாட்டில் பெரும்பாலும் சிப்ரோவுக்கு மசிவதில்லை, அதோடு மாத்திரை போட்ட பிறகு கல்ச்சர் (கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) கொடுத்தால் ஒன்றும் வளராமல் போகலாம், அப்புறம் எந்த மருந்து கேட்கும் என்றே தெரியாது. யூரின், பிளட் இரண்டும் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு உடனே ஆன்டிபயாடிக் ஊசியை ஆரம்பிப்பார்கள். ரிப்போர்ட் வர 2, 3 நாள் ஆகும், தேவைப்பட்டால் அப்போது மருந்தை மாற்றுவார்கள்.

லேப்_மனிதன்:
முன்னால் எடுத்தது கல்ச்சரா, சும்மா சீழ் அணு (pus cell) பார்க்கிற ரொட்டீன் டெஸ்டா? ரொட்டீன் சரியாக இருந்தும் கல்ச்சரில் கிருமி வருவது உண்டு. இந்த மாதிரி ஆபரேஷனுக்கு முன் கல்ச்சர் பார்த்து, கிருமி இருந்தால் அடக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அதைச் செய்யவில்லை என்றால் ஆஸ்பத்திரியைக் கேளுங்கள், நியாயம்தான். ஆனால் எல்லாம் சரியாகச் செய்தாலும் கதீட்டர் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் 3 முதல் 7 சதவீதம் பேருக்கு யூரினில் கிருமி சேரும். பல நேரம் அது நோயாளியின் சொந்தக் குடலில் இருந்ததுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் கதீட்டர் போட்ட தேதி, எடுத்த தேதி, கொடுத்த ஆன்டிபயாடிக் மூன்றையும் பாருங்கள்.

வடபழனி_மருமகன்:
மாமனாரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது யூரின் பையைத் தூக்கி அவர் வயிற்றின் மேலேயே வைத்துவிட்டார்கள்! பையில் இருப்பது திரும்ப உள்ளே ஓடாதா? அது எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழேதான் இருக்கணும், தரையில் படவும் கூடாது. கதீட்டரோடு ஆட்டோவில் வரும்போதும் பையை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெரம்பூர்க்காரன்:
வந்து சேர்ந்துவிட்டோம், பிளட் எடுத்துவிட்டு டிரிப்ஸ் போட்டிருக்கிறார்கள். திரும்பவும் கதீட்டர் போடுவார்களா? அப்பா அதற்குத்தான் பயப்படுகிறார்.

வார்டு_சிஸ்டர்:
காய்ச்சல் என்பதற்காக மட்டும் போட மாட்டார்கள். யூரின் போன பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள், நிறைய தேங்கினால் போட்டுத்தான் ஆகணும். போட்டால், எப்போது எடுப்பீர்கள் என்று தினமும் ரவுண்ட்ஸில் கேளுங்கள் சார்.