கெணத்து ராட்டினம் சொல்லிக் குடுத்த தொடுகோட்டு முடுக்கம்

தொடுகோட்டு முடுக்கம், அதாவது வட்டத்துல சுத்துற ஒரு புள்ளியோட வேகம் கூடுற இல்ல கொறையுற வீதம், உங்களுக்கு எப்படிப் புரிஞ்சதுன்னு இங்க கேட்டதுக்கு எல்லாரும் சைக்கிள் வீலு, ஃபேனுன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு இது புரிஞ்சது கெணத்தடியில. எங்க ஊரு வேலந்தாவளம் பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, ரோட்டத் தாண்டுனா கோயம்புத்தூர் ஜில்லா. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், தொடுகோடு (வட்டத்த ஒரே புள்ளியில தொட்டுட்டுப் போற நேர்கோடு), முடுக்கம்னு படிச்சுட்டு ப்ளஸ் ஒன் போனா புக்கு என்சிஇஆர்டி இங்கிலீஷ், சார் வெளக்குறது மலையாளத்துல. தொடுகோட்ட அவங்க "தொடுவர"ன்னு சொல்லுவாங்க, அது நம்ம வார்த்தை மாதிரியே இருந்ததால சட்டுனு ஒட்டிக்கிச்சு, ஆனா முடுக்கத்துக்கு "த்வரணம்"னு சொன்னப்ப நெஜமாவே முழிச்சேன்.

எனக்கு இருந்த குழப்பம் இதுதான், சக்கரம் வேகமா சுத்துனா தொடுகோட்டு முடுக்கம் நெறைய இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன். பரீட்சையில சக்கரம் ஒரே சீரான வேகத்துல சுத்துது, விளிம்புல தொடுகோட்டு முடுக்கம் எவ்வளவுன்னு கேட்டாங்க, நான் வேகத்தோட வர்க்கத்த ஆரத்தால வகுத்து ஒரு பெரிய நம்பர் எழுதிட்டு வந்தேன். பதில் பூஜ்யம். பேப்பர்ல ஒரு பெருக்கல் குறி மட்டும்தான் இருந்துச்சு, ஏன்னு யாரும் சொல்லல, அந்த வருத்தம் எனக்கு இன்னைக்கும் இருக்கு, ஒரு வரி எழுதியிருந்தா போதும்.

அந்த லீவுல அமுச்சி (அம்மாவோட அம்மா) வீட்டுக்குப் போனேன். கெணத்து மேல பழைய இரும்பு ராட்டினம், புக்குல கப்பின்னு இருக்குமே அதேதான், மலையாளத்துலயும் கப்பிதான். விளிம்புல ஒரு எடத்துல சுண்ணாம்பு வச்சுட்டு காலி வாளிய அப்படியே விட்டேன். அமுச்சி "கயித்தப் புடிச்சு மொள்ள உடு கண்ணு"ன்னு கத்துறதுக்குள்ள அது போயிருச்சு. மொதல்ல சுண்ணாம்புப் பொட்டு தனியா தெரிஞ்சுது, அரைச் சுத்து, ஒரு சுத்து, அப்புறம் பொட்டு நீண்டு வாலாச்சு, கடைசியில முழு வட்டமா வெள்ளக் கோடாயிருச்சு. வாளி தண்ணியில விழுந்த சத்தம் கேட்டதும் கயிறு தொய்ஞ்சுது, ராட்டினம் கீச்சுக் கீச்சுன்னு மெதுவாகி வெள்ளக் கோடு திரும்பவும் பொட்டாச்சு. (கயித்து நுனிய தூண்ல கட்ட மறந்து முழுக் கயிறும் உள்ள போயி, பக்கத்துத் தோட்டத்துல பாதாளக் கரண்டி வாங்கிட்டு வந்துதான் எடுத்தோம்.)

பொட்டு வாலாகுற நேரத்துல விளிம்போட வேகம் ஏறுது, அந்த ஏத்தம்தான் தொடுகோட்டு முடுக்கம், கயிறு வழுக்காத வரைக்கும் வாளி கீழ எறங்குற முடுக்கமும் விளிம்போட தொடுகோட்டு முடுக்கமும் ஒண்ணேதான், ஏன்னா கயிறு ராட்டினத்த விட்டுப் பிரியுற எடத்துல அது தொடுகோடாத்தான் பிரியுது. இத நான் கண்ணால பாத்த அன்னைக்குத்தான் அந்தப் பேரே புரிஞ்சுது. கயிறு தொய்ஞ்சப்புறம் மெதுவாகுதே, அப்பவும் தொடுகோட்டு முடுக்கம் இருக்கு, திசைதான் எதிர்ப்பக்கம். அமுச்சி தண்ணி சேந்துறப்ப நடுவுல ஒரே சத்தமா ஓடும், அந்தச் சீரான நேரத்துல பூஜ்யம். நான் சேந்துனா ஒவ்வொரு இழுப்புக்கும் வெட்டி வெட்டிப் போகும், அதாவது ஒரு தடவ கூடும் ஒரு தடவ கொறையும்.

அப்புறம் கணக்கும் போட்டுப் பாத்தேன். தண்ணி 30 அடியில, சுமார் 9 மீட்டர், வாளி விழ 2 செகண்ட். நின்ன எடத்துல இருந்து கெளம்புனதால முடுக்கம் ரெண்டு பெருக்கல் 9, கீழ 2-ஓட வர்க்கம், 4.5 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் வருது. புவியீர்ப்பு 9.8, ஆனா வாளி கனமான ராட்டினத்தையும் சேத்துச் சுத்த வைக்கணும், அச்சுல துரு வேற, அதனாலதான் பாதிகூட வரல. ராட்டினத்தோட ஆரம் 10 சென்டிமீட்டர், தொடுகோட்டு முடுக்கம்னா ஆரம் பெருக்கல் கோண முடுக்கம் (சக்கரம் சுத்துற வேகம் கூடுற வீதம்), அப்போ கோண முடுக்கம் 45 ரேடியன் பெர் செகண்ட் ஸ்கொயர். வாளி தண்ணியத் தொடுறப்ப வேகம் செகண்டுக்கு 9 மீட்டர், மையத்தப் பாத்து இழுக்குற முடுக்கம் 81-ஐ 0.1-ஆல வகுத்தா 810! பக்கத்துலயே தொடுகோட்டு முடுக்கம் வெறும் 4.5. நான் பரீட்சையில எழுதுனது இந்த மையநோக்கு முடுக்கத்ததான், அது வேகம் சீரா இருந்தாலும் இருக்கும், வேகத்தோட திசைய மட்டும் திருப்பும், அளவ மாத்தாது.

மேல ஒருத்தங்க மழையில டயர்ல இருந்து சேறு தெறிக்கிறது தொடுகோட்டு முடுக்கத்தாலன்னு எழுதியிருக்கீங்க, தப்பா எடுத்துக்காதீங்க, அது அப்படியில்ல. சேறு தொடுகோட்டுத் திசையில போறது அந்த நேரத்துல அதுக்கு இருக்குற வேகத்தால, அத வட்டத்துல திருப்புற அளவுக்கு ஒட்டு பத்தலைன்னா நேரா போயிரும், சைக்கிள் சீரா ஓடுனாலும் தெறிக்கும். நானும் இதே எடத்துலதான் ரெண்டு வருஷம் மாட்டியிருந்தேன், அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

இப்ப ட்யூஷன் வர்ற பசங்கள அதே கெணத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறேன், கயித்து நுனியத் தூண்ல கட்டிட்டுத்தான் வாளிய விடச் சொல்றது. போன மாசம் ஒரு பொண்ணு, சார் ஆரத்துல பாதி தூரத்துல இன்னொரு பொட்டு வச்சா அதுக்கும் 4.5 தானான்னு கேட்டா. கோண முடுக்கம் ரெண்டு பொட்டுக்கும் ஒண்ணு, தூரம் பாதி, அதனால 2.25-ன்னு அவளே சொல்லிட்டு, அடுத்த தடவைக்கு ஆரக்கால்ல பொட்டு வைக்க சுண்ணாம்பு கேட்டு அமுச்சிகிட்ட போயிட்டா.